கழற்றிய ஷீட் எங்கே போகிறது?

பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையை மாற்றிவிட வேண்டும் என்ற எண்ணம் இன்று பல வீடுகளில் இருக்கிறது. நல்ல எண்ணம்தான். ஆனால், தலைக்கு மேல் பல ஆண்டுகள் சும்மா கிடந்த அந்த ஷீட், கழற்றும் நாளில்தான் மிக ஆபத்தானதாக மாறுகிறது. அந்த ஒரு நாளைப் பற்றி நம் எஸ்டிமேட்டுகளில் ஒரு வரிகூட இருப்பதில்லை.

சென்னைப் புறநகரில் ஒரு முட்டுச்சந்து. காலை எட்டு மணி. லுங்கியை மடித்துக் கட்டிய இளைஞர் கூரை மேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, துருவேறிய ஜே போல்ட்டைச் சுத்தியலால் அடிக்கிறார். நட்டு அசையவில்லை. அடுத்த அடி தவறி ஷீட்டில் விழ, அது வாய் பிளக்கிறது. போல்ட்டைக் கழற்றுவதைவிட ஷீட்டை உடைப்பது சுலபம் என்பது அவருக்குத் தெரியும். அடுத்த ஷீட்டிலிருந்து உடைக்கவே தொடங்குகிறார்.

உடைந்த துண்டுகள் ஒவ்வொன்றாய் மேலிருந்து கீழே விழுகின்றன. விழும் ஒவ்வொரு முறையும் முழங்கால் உயரத்துக்குச் சாம்பல் நிறத் தூசி கிளம்பி அடங்குகிறது. சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்ட சித்தாள் ஒருவர் துண்டுகளைப் பாண்டுச் சட்டியில் அள்ளி, வாசலில் நிற்கும் 'குட்டி யானை' வண்டியில் கொட்டுகிறார். முந்தானையை மூக்கோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார். அவருக்கு இருக்கும் பாதுகாப்பு அது ஒன்றுதான். எதிர்வீட்டுத் திண்ணையில் பள்ளிக்குக் கிளம்பிய சிறுமி வேடிக்கை பார்த்தபடி இட்லி சாப்பிடுகிறாள். பதினோரு மணிக்கெல்லாம் கூரை காலி. தென்னந்துடைப்பத்தால் தரையைப் பெருக்கிக் கூட்டுகிறார்கள். நல்ல துண்டுகளில் நாலைந்தைப் பக்கத்து வீட்டுக்காரர் குளியலறை மறைப்புக்கு வாங்கிக்கொள்கிறார். மீதி, தெருமுனையில் மழைநீர் தேங்கும் பள்ளத்துக்குப் போகிறது.

யாரும் எந்தத் தவறும் செய்ததாக நினைக்கவில்லை. நம் ஊரில் ஷீட் கூரை இப்படித்தான் இறங்குகிறது.

கீற்றிலிருந்து ஷீட்டுக்கு

இந்தக் கூரையைப் பழிப்பது சுலபம். அது ஏன் வந்தது என்பதை மறக்கக் கூடாது. கீற்றுக் கொட்டகையில் வாழ்ந்தவர்களுக்குச் சித்திரை மாதம் என்றால் தீப்பயம், ஐப்பசி என்றால் ஒழுகல். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கீற்று மாற்றும் செலவு வேறு. அந்தக் குடும்பங்களுக்கு எரியாத, அரிக்காத, கறையான் தொடாத, கைக்கு அடங்கிய விலையில் கிடைத்த முதல் கூரை சிமென்ட் ஷீட். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் கருகிய பிறகு, பள்ளிகளில் கீற்றுக் கூரையே கூடாது என்று அரசு உறுதியாக நின்றது. எரியாத கூரை என்பது அன்று உயிர் காக்கும் கோரிக்கையாக இருந்தது.

ஆஸ்திரியாவைச் சேர்ந்த லுட்விக் ஹாட்ஷெக் 1901-இல் காப்புரிமை பெற்ற கண்டுபிடிப்பு இந்தச் சிமென்ட் ஷீட். சிமென்ட்டில் கல்நார் எனும் ஆஸ்பெஸ்டாஸைக் கலந்தால் மெல்லிய தகடும் உறுதியாக நிற்கும் என்று அவர் காட்டினார். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அந்தத் தகடு வீட்டின் வெளிச்சுவரில் ஏறியது. நம் ஊரில் தலைக்கு மேல் ஏறியது. அங்கே அந்தச் சுவர்த் தகடுகளைக் கழற்றுவதற்குச் சட்டம், பயிற்சி, உரிமம், தனிக் குப்பைமேடு எல்லாம் வந்துவிட்டன. நாம் இன்னும் அதே பொருளில் புதுக் கூரை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

■ பெட்டிச் செய்தி: ஷீட்டுக்குள் என்ன இருக்கிறது?

● நெளி ஷீட்டின் அகலம் 1.05 மீட்டர், தடிமன் 6 மில்லிமீட்டர். 3 மீட்டர் நீள ஷீட் ஒன்றின் எடை சுமார் 40 கிலோ.

● எடையில் பெரும்பகுதி சிமென்ட். கல்நார் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. 300 சதுர அடி வீட்டுக் கூரையை, மேலடுக்கும் இடத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் 400 கிலோவைத் தாண்டும். அதில் கல்நார் மட்டும் சுமார் 40 கிலோ.

● கல்நாரில் வெள்ளை, பழுப்பு, நீலம் என வணிகத்தில் புழங்கிய முக்கிய வகைகள் மூன்று. இன்று இந்தியாவில் ஷீட் செய்யப் பயன்படுவது கிரைசோடைல் எனப்படும் வெள்ளை வகை.

● மூன்று வகையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. பாதுகாப்பான வகை என்று ஒன்று கிடையாது.

● கண்ணால் பார்த்தோ தட்டிப் பார்த்தோ உறுதி செய்ய முடியாது. ஆய்வகத்தில் நுண்ணோக்கி வேண்டும். 'ஆஸ்பெஸ்டாஸ் இல்லாதது' என்ற முத்திரை இல்லாத பழைய நெளி சிமென்ட் ஷீட் எதுவானாலும் கல்நார் உள்ளது என்று கொண்டே கையாள்வது நல்லது.

உள்ளே போனது வெளியே வராது

கல்நார் ஒரு கனிமம். மற்றப் பாறைகள் உடைந்தால் பொடியாகும். இது நீளவாக்கில் பிளந்துகொண்டே போகும். பிளந்து பிளந்து, தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும். அந்த அளவில் அது கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, தும்மல்கூட வராது. வீட்டுக்குள் கிளம்பினால் காற்றசைவு இருக்கும்வரை மணிக்கணக்கில் மிதக்கும். மூக்கின் ரோமமும் தொண்டையின் சளியும் தடுக்க முடியாத அளவுக்கு மெல்லியது என்பதால், நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை இறங்கிவிடுகிறது.

அங்கே நம் உடலின் காவல் செல்கள் அதை விழுங்கப் பார்க்கின்றன. செல்லைவிட நார் நீளம். விழுங்கி முடிக்க முடியாமல் செல் செத்துப்போகிறது. அடுத்த செல் வருகிறது, அதற்கும் அதே கதி. இந்தப் போராட்டம் ஆண்டுக்கணக்கில் நடந்து, சுற்றியுள்ள திசு வீங்கி, தழும்பேறி, இறுகுகிறது. இறுகிய நுரையீரலால் விரிய முடியாது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். பிறகு நடந்தால், கடைசியில் படுத்திருந்தாலே வாங்கும். இதுதான் ஆஸ்பெஸ்டோசிஸ். இதைச் சரிசெய்ய மருந்து இல்லை. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கல்நார் ஆலையில் வேலை செய்து 33 வயதில் இறந்த நெல்லி கெர்ஷா என்ற பெண்ணின் நுரையீரலை ஆராய்ந்து, 1924-இல் மருத்துவ இதழில் இந்த நோயைப் பதிவு செய்தார்கள். நூறாண்டுக்கு முன்பே தெரிந்த விஷயம் இது.

இன்னும் கொடியது, நுரையீரலைச் சுற்றியுள்ள மெல்லிய உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய். கண்டுபிடித்தபின் பெரும்பாலோர் ஓரிரு ஆண்டுக்கு மேல் இருப்பதில்லை. நுரையீரல் புற்றுநோயும் வரும். பீடி, சிகரெட் பழக்கமும் சேர்ந்தால் அந்த ஆபத்து பல மடங்காகும். தொழிலிடத்தில் கல்நாரைச் சுவாசித்ததால் உலகெங்கும் ஆண்டுக்கு 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

இந்த நோய்களின் மிகப் பெரிய கொடுமை, காலதாமதம். சுவாசித்த நாளுக்கும் நோய் தெரியும் நாளுக்கும் இடையே 20 முதல் 40 ஆண்டுகள்வரை, சில சமயம் அதற்கும் மேல் போய்விடும். இருபது வயதில் கூரை பிரித்தவருக்கு ஐம்பது வயதில் மூச்சு முட்டும்போது, எந்த வீட்டில், எந்த மேஸ்திரியிடம் வேலை பார்த்தோம் என்பதே நினைவில் இருக்காது. இருமலும் இளைப்பும் காசநோய்க்கும் உண்டு. மருத்துவர் பழைய தொழிலைக் கேட்காவிட்டால், காரணம் கடைசிவரை தெரியாமலே போகும். கட்டட வேலை பார்த்தவர்கள், பார்த்தவர்களின் பிள்ளைகள், மூச்சுக் கோளாறுக்கு மருத்துவரிடம் போகும்போது இதைத் தாங்களாகவே சொல்ல வேண்டும்.

தச்சருக்கும், துணி துவைத்தவருக்கும்

'ஆலையில் வேலை செய்தவர்களுக்குத்தானே வரும், நமக்கென்ன?' என்று தோன்றலாம். பிரிட்டனின் அனுபவம் வேறு. 1940-களில் பிறந்து, முப்பது வயதுக்குள் பத்தாண்டுக்கு மேல் தச்சு வேலை பார்த்த ஆண்களில் 17 பேருக்கு ஒருவர் மீசோதீலியோமாவால் இறப்பார் என்று 2009-இல் வெளியான ஆய்வு கணித்தது. அவர்கள் சுரங்கத்தில் இறங்கியதில்லை. பழுப்புக் கல்நார் கலந்த பலகைகளை ரம்பத்தால் அறுத்தார்கள், அவ்வளவுதான். பிளம்பர்களுக்கும் எலெக்ட்ரீஷியன்களுக்கும் வந்தது. 1999-இல் வெள்ளைக் கல்நாரையும் தடை செய்து முடித்த பிரிட்டனில், இன்றும் ஆண்டுக்குச் சுமார் 5,000 பேர் கல்நார் நோய்களால் இறக்கிறார்கள். தடை போட்ட மறுநாளே சாவு நிற்காது. பழைய தூசியின் கணக்கு தீர ஒரு தலைமுறை ஆகும்.

தொழிலாளியோடும் அது நிற்பதில்லை. லண்டனில் 1965-இல் வெளியான ஆய்வு ஒன்று, மீசோதீலியோமா வந்தவர்களில் ஆலைக்குள் காலே வைக்காத பலர் இருப்பதைக் கண்டது. அவர்களில் சிலர் ஆலையிலிருந்து வரும் உறவினரின் உடுப்பு வழியாக வீட்டிலேயே நாரைச் சுவாசித்தவர்கள். சிலர் ஆலைக்கு அரை மைல் சுற்றளவில் குடியிருந்தவர்கள். ஜப்பானின் அமாகசாகி நகரிலும், ஆலையைச் சுற்றி வாழ்ந்தவர்களுக்கு இந்த நோய் வந்தது 2005-இல் வெளிவந்து நாடே அதிர்ந்தது. கூரை பிரித்துவிட்டு அதே சட்டையோடு வந்து குழந்தையைத் தூக்கும் அப்பாவுக்கும், அந்தச் சட்டையை உதறித் துவைக்கும் அம்மாவுக்கும் இந்தச் சேதி போய்ச் சேர வேண்டும்.

உடையாதவரை சரி, உடைந்தால்?

ஷீட் தயாரிப்பாளர்கள் முன்வைக்கும் வாதம் ஒன்று உண்டு: நார் சிமென்ட்டுக்குள் இறுகிப் பூட்டப்பட்டிருக்கிறது, கட்டுப்பாட்டோடு பயன்படுத்தினால் ஆபத்தில்லை, ஏழைக்கு இதைவிட மலிவான கூரை கிடையாது. இதில் ஒரு பாதி உண்மை. நல்ல நிலையில் இருக்கும், யாரும் தொடாத ஷீட்டிலிருந்து காற்றில் கலக்கும் நார் மிகக் குறைவு. ஷீட் கூரையின் கீழ் வாழ்கிறோமே என்று இன்றிரவே பதற வேண்டியதில்லை.

ஆனால், ஷீட்டின் ஆயுள் முழுக்க அந்தப் பூட்டு பூட்டியபடியே இருக்குமா? டிஷ் ஆன்டெனாவுக்கும் புகைபோக்கிக்கும் துளை போடுகிறோம். அளவுக்கு வெட்ட கட்டிங் மெஷினை வைக்கிறோம். தேங்காய் விழுகிறது, குரங்கு குதிக்கிறது. முப்பது நாற்பது மழைக்காலம் பார்த்த ஷீட்டின் மேல்தோல் அரித்து, நார் வெளியே துருத்தி நிற்கிறது. பாசியைத் தேய்க்கிறேன் என்று யாரோ கம்பி பிரஷ் எடுக்கிறார்கள். கடைசியாக ஒருநாள் சுத்தியல் விழுகிறது. கட்டுப்பாட்டோடு பயன்படுத்துவது என்பது ஆலையின் நாலு சுவருக்குள் ஓரளவு நடக்கலாம். மேஸ்திரியும் இரண்டு கூலியாட்களும் அரை நாளில் முடிக்கும் வேலையில் அது வெறும் சொல்.

ஆபத்து தூசி மட்டுமல்ல. பழைய ஷீட் ஆள் எடையைத் தாங்காது. கால் வைத்த இடம் பொத்துக்கொண்டு, பதினைந்து இருபது அடி கீழே சிமென்ட் தரையில் விழுந்து செத்தவர்களைப் பற்றிய நாலுவரிச் செய்திகள் நாளிதழ்களில் வந்துகொண்டேதான் இருக்கின்றன. கிடங்குகளிலும் பட்டறைகளிலும் ஒழுகலை அடைக்க ஏறியவர்களே அவர்களில் அதிகம்.

புயல் பிரிக்கும் கூரை

திட்டமிட்டுப் பிரிக்கும் கூரைக்காவது நாள் குறிக்கலாம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது, டெல்டாவில் ஓடும் கீற்றும் ஷீட்டும் ஒரே இரவில் பறந்தன. விடிந்ததும் ஜனங்கள் செய்த முதல் வேலை, வாசலில் நொறுங்கிக் கிடந்ததை வெறுங்கையால் அள்ளி ஓரம் கட்டியதுதான். குடிக்கத் தண்ணீர் இல்லாத நேரத்தில் கல்நாரைப் பற்றி யார் யோசிப்பார்கள்? யோசிக்க வேண்டியது நிர்வாகம். 1995-இல் ஜப்பானின் கோபே நிலநடுக்கத்துக்குப் பின் இடிபாடுகளை அகற்றிய தொழிலாளர்கள் சிலருக்குப் பல ஆண்டு கழித்து மீசோதீலியோமா வந்தது. அதைத் தொழில்சார் நோய் என அந்நாட்டு அரசு ஏற்றது. அதன் பிறகு ஜப்பானில் பேரிடர் கால வழிகாட்டுதல்களில் கல்நாருக்குத் தனி இடம் உண்டு. புயல் ஆண்டுதோறும் வந்து போகும் நம் கடலோர மாவட்டங்களின் நிவாரணப் பொருள் பட்டியலில் அரிசி, பாய், தார்ப்பாயோடு தகுந்த முகக்கவசமும் இருக்க வேண்டும்.

■ பெட்டிச் செய்தி: தடைகளின் பாதை

● ஆஸ்திரேலியா: 2003 டிசம்பர் 31 முதல் முழுத் தடை. கான்பெரா பகுதியில் கூரைக்கடியில் தளர்வான கல்நார் நிரப்பிய ஆயிரத்துச் சொச்சம் வீடுகளை 2014 முதல் அரசே விலைக்கு வாங்கி இடித்தது.

● ஐரோப்பிய ஒன்றியம்: 2005. போலந்து, 2032-க்குள் நாட்டில் உள்ள எல்லாக் கல்நார்ப் பொருளையும் அகற்றிவிட இலக்கு வைத்திருக்கிறது.

● தென்கொரியா: 2009. எழுபதுகளில் கிராம மேம்பாட்டு இயக்கத்தின்போது வைக்கோல் கூரைகளை மாற்றி கல்நார் ஷீட் போடவைத்தது அரசு. இன்று அதே ஷீட்டுகளைப் பத்திரமாக அகற்ற மானியம் தருவதும் அரசுதான்.

● நேபாளம்: 2015. பிரேசில்: 2017. கனடா: 2018. அமெரிக்காவில் 2024 மார்ச்சில் வெள்ளைக் கல்நாருக்குத் தடை ஆணை.

● இந்தியா: 1986-இல் புதிய சுரங்கக் குத்தகை தருவது நிறுத்தப்பட்டது. இறக்குமதிக்கும் ஷீட் தயாரிப்புக்கும் தடையில்லை. உலகில் கல்நாரை மிக அதிகமாக வாங்கும் நாடு இந்தியா. பெருமளவு ரஷ்யாவிலிருந்து வருகிறது.

தேயிலைக்கு வைத்த விலை

தடை என்பது ஒரு கையெழுத்தில் முடிகிற காரியம் அல்ல என்பதற்கு இலங்கையைப் பார்த்தால் போதும். நீலக் கல்நாரை 1987-இலேயே தடுத்த நாடு அது. வெள்ளை வகையையும் 2018 முதல் படிப்படியாகக் கட்டுப்படுத்தப் போவதாக அறிவித்திருந்தது. 2017 டிசம்பரில் ரஷ்யா, இலங்கைத் தேயிலைப் பொதி ஒன்றில் வண்டு இருந்ததாகச் சொல்லி, தேயிலை இறக்குமதியையே நிறுத்தியது. ரஷ்யா அந்தத் தேயிலையின் பெரிய வாடிக்கையாளர். கல்நாரை விற்பவரும் அவரே. சில நாட்களுக்குள் இலங்கை அரசு கல்நார்க் கட்டுப்பாட்டைத் தள்ளிவைத்தது; ரஷ்யாவும் தேயிலைக்குக் கதவைத் திறந்தது. நுவரெலியாவிலும் ஹட்டனிலும் மலையகத் தமிழர்கள் கிள்ளிய கொழுந்து, ஒரு நாட்டின் சுகாதார முடிவைப் புரட்டும் நெம்புகோலானது.

உலக அரங்கிலும் இதே கதைதான். அபாய வேதிப்பொருள் வணிகத்துக்கான ராட்டர்டாம் உடன்படிக்கையின் பட்டியலில் வெள்ளைக் கல்நாரைச் சேர்க்கும் முயற்சி 2006 முதல் மீண்டும் மீண்டும் முறியடிக்கப்படுகிறது. பட்டியலில் சேர்ப்பது தடைகூட அல்ல. விற்பவர் வாங்குபவருக்கு ஆபத்தைச் சொல்ல வேண்டும், அவ்வளவே. 2011-இல் அதற்கு ஆதரவு தெரிவித்த இந்தியா, 2013-இல் எதிர்ப்பவர்கள் பக்கம் போய்ச் சேர்ந்தது.

நாற்பது ஆண்டு ஏடு எங்கே?

உள்நாட்டில் நமக்கு ஒரு நல்ல தீர்ப்பு இருக்கிறது. 1995 ஜனவரியில், நுகர்வோர் கல்வி ஆய்வு மையம் தொடுத்த வழக்கில், தொழிலாளியின் உடல்நலம் அரசியல் சாசனம் தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கல்நார் ஆலைகள் ஒவ்வொரு தொழிலாளியின் மருத்துவ ஏட்டையும், வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டு அல்லது ஓய்வுக்குப் பின் 15 ஆண்டு, இதில் எது பிந்தியதோ அதுவரை காக்க வேண்டும் என்று ஆணையிட்டது. நோய் எவ்வளவு தாமதமாக வரும் என்பதை உணர்ந்து எழுதப்பட்ட தீர்ப்பு.

அந்த ஏடு ஆலைத் தொழிலாளிக்கு. ஷீட்டை ஏற்றியவருக்கு, வெட்டியவருக்கு, இறக்கியவருக்கு, பெருக்கியவருக்கு ஏடு கிடையாது. தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994 முதல் இருக்கிறது. உறுப்பினர் அட்டை இருக்கிறது, திருமணத்துக்கும் படிப்புக்கும் உதவி இருக்கிறது. கூரை பிரிக்கும் வேலையில் இருப்பவர்களை அடையாளம் கண்டு, மார்பு எக்ஸ்ரேயும் மூச்சுத்திறன் சோதனையும் செய்து, அந்த அட்டையோடு இணைத்து வைப்பது இந்த வாரியத்தால் ஆகாத காரியமா?

கணக்கெடுப்பிலும் ஓட்டை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 15.9 சதவீத வீடுகளின் கூரை 'துத்தநாகத் தகடு, உலோகம், ஆஸ்பெஸ்டாஸ்' என்ற ஒரே தலைப்பில் அடங்குகிறது. தகரக் கூரையையும் கல்நார்க் கூரையையும் ஒரே கட்டத்தில் எழுதினால், எத்தனை டன் கழிவுக்கு இடம் தேட வேண்டும் என்று எந்த மாவட்ட ஆட்சியரும் சொல்ல முடியாது. 2030-க்குள் குடிசையில்லாத் தமிழகம் என்று, 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் கட்டும் கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 2024-இல் அறிவிக்கப்பட்டது. வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய். மனமார வரவேற்க வேண்டிய திட்டம். அந்தக் குடிசைகளில் பலவற்றுக்கு ஷீட் சாய்ப்பும் ஷீட் அடுப்படியும் உண்டு. புது வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும் நாளில் அவை எங்கே போகும்?

பள்ளத்தில், வாய்க்காலில், அரவையில்

இன்று அவை போகும் இடங்கள் நமக்குத் தெரிந்தவைதான். ஓரளவு நன்றாக இருப்பவை ஆட்டுக் கொட்டகைக்கும் குளியலறை மறைப்புக்கும் போகின்றன. உடைந்தவை பள்ளம் நிரப்பவும் ஏரிக்கரைக்கும் வாய்க்காலுக்கும். தெருவில் கொட்டிய துண்டின் மேல் ஆயிரம் சக்கரங்கள் ஏறி இறங்கினால், அது சத்தமில்லாமல் தூளாகி, வெயில்காலக் காற்றில் எழும். கட்டட இடிபாட்டை அரைத்து மணலும் ஜல்லியும் எடுக்கும் ஆலைகளுக்கு ஷீட் துண்டு கலந்து போனால், அங்கே வேலை செய்பவர்களின் மூச்சில் கலக்கும். கல்நார் மக்காது, எரியாது. இடம் மாறிக்கொண்டே இருக்குமே தவிர இல்லாமல் போகாது.

வழி இல்லாமல் இல்லை. கல்நார்க் கழிவை அப்புறப்படுத்தும் முறைக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1986-இலேயே தனித் தரநிலை வகுத்திருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் அபாயக் கழிவுகளைப் புதைக்கும் பாதுகாக்கப்பட்ட நிலம் இயங்குகிறது. ஆலைகளின் கழிவுக்காக அமைந்த அந்த ஏற்பாட்டுக்கும், திருவாரூரில் ஒரு விவசாயக் கூலி வீட்டுக் கொல்லையில் அடுக்கியிருக்கும் பதினைந்து ஷீட்டுக்கும் இடையே பாதையே போடப்படவில்லை. பழைய பேட்டரிக்கும் மருத்துவமனைக் கழிவுக்கும் போட்ட பாதையை இதற்கும் போட முடியும்.

■ பெட்டிச் செய்தி: கழற்றுவது தவிர்க்க முடியாவிட்டால்

செய்ய வேண்டியவை

● விரிசல் இல்லாத, நல்ல நிலையில் உள்ள ஷீட்டை அவசரப்பட்டுக் கழற்ற வேண்டாம். ஈரப்படுத்தி மெதுவாகத் துடைத்து, பெயின்ட் பூசி வைத்தால் சில ஆண்டு தள்ளலாம்.

● கழற்றும் நாளில் குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியோர் வேறு வீட்டில் இருக்கட்டும். அக்கம்பக்கத்தாரிடம் முன்பே சொல்லி, ஜன்னல்களை மூடச் சொல்லுங்கள். காயப்போட்ட துணி, தண்ணீர்க் குடம், சமையல் பாத்திரம் எல்லாம் உள்ளே போகட்டும்.

● சோப்புக் கரைசல் கலந்த தண்ணீரைப் பூவாளியாலோ மருந்தடிக்கும் ஸ்பிரேயராலோ தெளித்து, ஷீட்டை நன்றாக நனைத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும்.

● துருப்பிடித்த போல்ட்டை அறுத்தெடுக்க வேண்டும். ஷீட்டை உடைக்கக் கூடாது. முழு ஷீட்டாக இருவர் பிடித்துக் கைமாற்றி இறக்க வேண்டும்.

● ஷீட் மேல் நேரடியாகக் கால் வைக்கக் கூடாது. சட்டங்களின் குறுக்கே பலகை போட்டு, பாதுகாப்புப் பெல்ட்டோடு நிற்க வேண்டும்.

● கைக்குட்டை, முந்தானை, அறுவைச் சிகிச்சை முகமூடி எதுவும் நாரைத் தடுக்காது. பி100 வடிகட்டி பொருத்திய, முகத்தோடு ஒட்டி நிற்கும் கவசம் வேண்டும். தொழிற்பாதுகாப்புப் பொருள் விற்கும் கடைகளில் கேட்டு வாங்கலாம்.

● இறக்கிய ஷீட்டுகளைக் கனமான பாலிதீனில் இரண்டு சுற்று சுற்றி, டேப் ஒட்டி, 'ஆஸ்பெஸ்டாஸ் – உடைக்காதீர்' என்று எழுதி வைக்க வேண்டும்.

● வேலை முடிந்ததும் அங்கேயே உடுப்பை நனைத்துக் கழற்றிப் பையில் கட்டி, தலைக்குக் குளித்துவிட்டு வீட்டுக்குள் போக வேண்டும்.

கூடாதவை

● கட்டிங் மெஷின், டிரில்லிங் மெஷின், கம்பி பிரஷ், அழுத்தத்தில் பீய்ச்சும் தண்ணீர்க் குழாய்.

● உலர்ந்த துடைப்பம், வீட்டு வேக்குவம் கிளீனர். ஈரத்துணியால் துடைத்து, துணியையும் பாலிதீனில் கட்டுங்கள்.

● பழைய ஷீட்டை விற்பது, தானம் கொடுப்பது, பள்ளம் நிரப்புவது.

மேலே எதைப் போடுவது?

கான்கிரீட் தளம் போட வசதியுள்ளவர்களுக்குக் கேள்வியே இல்லை. மற்றவர்கள் எடையையும் வெயிலையும் காற்றையும் சேர்த்து யோசிக்க வேண்டும். வண்ணம் பூசிய உலோகத் தகடு சதுர மீட்டருக்கு ஐந்து கிலோ அளவில்தான் இருக்கும். பழைய ஷீட்டின் எடையில் பாதிக்கும் கீழே. சுவருக்கும் சட்டத்துக்கும் சுமை குறையும். ஆனால் எடை குறைந்த கூரையைப் புயல் சுலபமாகத் தூக்கும். கடலோரத்தில் திருகுகளை நெருக்கிப் போட்டு, சட்டத்தைச் சுவரோடு இறுக்கிக் கட்டுவது கட்டாயம். சித்திரை வெயிலுக்கு வெறும் தகடு கொதிக்கும், மழையில் பேச்சு கேட்காது. தகட்டுக்கு அடியில் வெப்பத்தடுப்புப் படலம் வேண்டும், அல்லது நுரை நடுவே வைத்த பஃப் பேனல் வேண்டும், விலை கூடும்.

மங்களூர் ஓடு குளிர்ச்சி. உடைந்தால் ஒன்றை மட்டும் மாற்றலாம். ஆனால் பழைய ஷீட்டைப்போல மூன்று மடங்கு எடை. அதே கம்பிச் சட்டத்தின் மேல் ஓட்டை அடுக்கினால் தாங்காது. மரமோ இரும்போ புதிதாகப் போட வேண்டும். வசதி குறைந்தவர்களுக்கு இடைவழி, கல்நாருக்குப் பதில் செயற்கை இழையும் மரக்கூழும் சேர்த்த சிமென்ட் ஷீட். பார்வைக்குப் பழையதைப் போலவே இருக்கும். அதே சட்டத்தில் உட்காரும். கடையில் 'சிமென்ட் ஷீட்' என்று மட்டும் கேட்டால் கல்நார் ஷீட்டே கைக்கு வரும். 'ஆஸ்பெஸ்டாஸ் இல்லாதது' என்று கேட்டு, முத்திரையைப் பார்த்து, பில்லிலும் எழுதி வாங்குங்கள். வெட்டும்போது அதிலும் தூசி வரும்; கவசமும் தண்ணீரும் அதற்கும் வேண்டும்.

அரசு செய்ய வேண்டிய ஐந்து

தடை வர வேண்டும்; அது மத்திய அரசின் கையில் இருக்கிறது, காலம் பிடிக்கும். அதற்குக் காத்திராமல் மாநில அரசும் உள்ளாட்சிகளும் இன்றே தொடங்கக்கூடிய வேலைகள் உள்ளன. முதலாவது, அரசுப் பணத்தில் கட்டும் எந்தக் கட்டடத்திலும் இனி கல்நார் ஷீட் இல்லை என்ற ஆணை. இரண்டாவது, வீட்டு வசதித் திட்டங்களின் எஸ்டிமேட்டில் பழைய ஷீட்டை நனைத்துக் கழற்றிக் கட்டி அனுப்பும் செலவுக்குத் தனி வரி. மூன்றாவது, ஊராட்சி ஒன்றியத்துக்கு ஒரு சேகரிப்பு மையமும், அங்கிருந்து பாதுகாக்கப்பட்ட புதைநிலத்துக்கு மாதம் ஒரு லாரியும். நான்காவது, நல வாரியம் மூலம் பயிற்சி பெற்ற கூரை பிரிக்கும் குழுக்கள், அவர்களுக்குக் கவசம், உடுப்பு, நாற்பது ஆண்டு மருத்துவ ஏடு. ஐந்தாவது, பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் உள்ள ஷீட் கூரைகளின் பட்டியலை வெளியிட்டு, கோடை விடுமுறையில் மட்டும், பிள்ளைகள் இல்லாத நாளில் அவற்றை மாற்றுவது.

இதில் பெரும் பணம் கேட்பது எதுவுமில்லை. தென்கொரியா தன் ஏழை வீடுகளின் கூரைக்குச் செய்தது இதைத்தான்: போடச் சொன்ன அரசே, இறக்கும் செலவையும் ஏற்றது. ஷீட்டை ஏழையின் கூரை என்று சொல்லி விற்றுவிட்டு, இறக்கும் செலவையும் நோயையும் ஏழையின் தலையிலேயே வைப்பது நியாயமல்ல.

வீட்டுக்காரர்களாகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. கூரை மாற்றும் எண்ணத்தோடு காண்ட்ராக்டர் வந்து அளவெடுக்கும்போது, புது ஷீட்டின் நிறத்தையும் விலையையும் கேட்பதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: பழையதை எப்படிக் கழற்றுவீர்கள்? கழற்றியதை எங்கே கொண்டுபோவீர்கள்? மேலே ஏறும் பையனின் கவசத்துக்கும், கட்டிவைக்கும் பாலிதீனுக்கும், வண்டிக்கும் உரிய பணத்தைப் பேரம் பேசாமல் கொடுங்கள். ஊராட்சியிலும் நகராட்சியிலும் போய் இதே கேள்வியை எழுத்தில் கேளுங்கள். இரண்டுக்கும் சரியான பதில் கிடைக்கும்வரை அந்தக் கூரையின் மேல் யாரையும் ஏற்றாதீர்கள்.